ஏழு மணி மாத்திரை

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஆடி மாதம் எங்கள் மாட்டுக்கொட்டகையிலிருந்து பித்தளை அண்டா காணாமல் போயிற்று. நாய் குரைக்கவில்லை.

2. ஆவணியில் பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ரூமின் பூட்டு உடைந்தது. எங்கள் கிணற்று மேட்டிலும் புதிய பீடித்துண்டுகள் கிடந்தன.

3. புரட்டாசியில், கடலைக்குத் தண்ணீர் கட்டாயம் வேண்டிய நேரத்தில், எங்கள் மோட்டாரைத் திறந்து உள்ளேயிருந்த செம்புக் கம்பிச் சுருளான காயிலை உருவிக்கொண்டு போனான் ஒருவன். இரும்புக் கூட்டை மட்டும் மழை இறங்காதபடி ஒழுங்காகக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருந்தான்.

4. புதுக் காயில் கட்ட ஆள் கிடைக்கவில்லை. மொரப்பூரில் காயில் கட்டுகிற ஒரே ஆள் பத்து நாளாக ஊரில் இல்லை என்றார்கள். அப்பா பரணிலிருந்து பழைய கவலை ஏற்றத்தின் தோல் சாலையும் வடத்தையும் இறக்கி, மாட்டைப் பூட்டித் தண்ணீர் இறைத்தார்.

5. நான்காம் நாள் வடம் அறுந்தது. வடத்தின்மேல் உட்கார்ந்து மாடு ஓட்டிக்கொண்டிருந்த அப்பா சரிவில் விழுந்தார். இடது இடுப்பு உடைந்தது.

6. கடலை காய்ந்தது.

7. தர்மபுரியில் பழைய பித்தளை, செம்பு வாங்கும் ஒரு கடையில் போலீஸ் அந்தக் காயிலை எடுத்தது. காயில் முனையில் நாடா கட்டியிருந்த முடிச்சைப் பார்த்ததும் யார் வேலை என்று தெரிந்துவிட்டது. காயில் கட்டுகிற ஒவ்வொருவனுக்கும் ஒரு முடிச்சு உண்டு. நான்கு வருடத்துக்கு முன் அதைக் கட்டியவனே வந்து உருவிக்கொண்டு போயிருந்தான். மொரப்பூரில் பத்து நாளாகக் காணாமல் போயிருந்தவனும் அவனே.

8. அவன் ஏற்கெனவே இரண்டு முறை திருட்டுக்காகச் சேலம் சிறைக்குப் போய் வந்தவன். மூன்றாம் முறை மாஜிஸ்திரேட் அவனைச் சிறைக்கு அனுப்பாமல் ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் விட்டார். நிபந்தனை: தினமும் காலையில் குடியை நிறுத்தும் மாத்திரையை ஓர் ஆஸ்பத்திரியில், பொறுப்பான ஒருவர் பார்க்க, விழுங்க வேண்டும். தவறினாலோ குடித்தாலோ சிறை.

9. ஆஸ்பத்திரி, நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரி. பொறுப்பான ஒருவர், நான்.

கம்பைநல்லூர்ச் சாலையில் கன்னியாஸ்திரீகள் நடத்திய சிறிய ஆஸ்பத்திரி அது. பன்னிரண்டு கட்டில், ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், மருந்தறையில் நான். டாக்டரும் கன்னியாஸ்திரீதான். சிஸ்டர் என்போம். நான் சென்னையில் இரண்டு வருடம் ஃபார்மசி படித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தேன். எனக்கு முன்னால் அந்த அறையில் இருந்த கம்பவுண்டர் மருந்துகளை நிறத்தால் நினைவு வைத்திருந்தாராம். நான் வந்ததும் முதல் வேலையாக அலமாரி முழுவதையும் இறக்கி, எழுத்து வரிசையில் அடுக்கி, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பட்டியல் ஒட்டினேன். எதையும் பட்டியலாக எழுதினால் எனக்குக் கை நடுங்காது. அப்பாவின் இடுப்பு உடைந்த அன்றும் உட்கார்ந்து ஒரு பட்டியல்தான் எழுதினேன். அதன் கடைசி வரி: யார் என்று தெரிய வேண்டும்.

தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் அவனை 'அவர்' என்று எழுதினேன், நேரில் 'வாங்க, போங்க' என்றேன். இங்கே அவன் என்றுதான் எழுதப்போகிறேன்.

சிஸ்டர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"அந்த ஆளு உங்க வீட்டுக் கேஸ்னு எனக்குத் தெரியும். நர்ஸ்கிட்ட குடுக்கச் சொல்லட்டுமா?"

"வேண்டாம் சிஸ்டர். நானே குடுக்கறேன்."

"கோவம் இல்லியா?"

"இருக்கு. கோவம் இருந்தா அளவு தப்பாது."

 சிஸ்டர் சொன்னார்: "ரெண்டு தடவை ஜெயிலுக்குப் போனான். ரெண்டு தடவையும் வெளிய வந்து, குடிச்சு, குடிக்கறதுக்காகத் திருடினான். மூணாம் தடவையும் அதையே செஞ்சு பாக்கறதுக்கு நாம என்ன மடச்சிகளா? குடி நின்னா திருட்டு நிக்குதான்னு பார்ப்போம்."

எனக்குத் திருட்டு நிற்பதில் அக்கறை இல்லை. அவன் உள்ளே போக வேண்டும். அதற்கு ஒரு நாள் போதும். ஒரு நாள் அவன் வராமல் இருந்தால், அல்லது குடித்துவிட்டு வந்தால், பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிடுவேன். ஓராண்டில் முந்நூற்று அறுபத்தைந்து வாய்ப்பு. காத்திருக்க எனக்குத் தெரியும்.

மதுவிலக்கு இருந்த காலம். குடிக்க வேண்டும் என்றால் கள்ளச் சாராயம், அது கிடைக்காவிட்டால் மருந்துக் கடையில் ஜிஞ்சர் டிங்சர். இவனுக்கு அந்த அலைச்சலும் இல்லை. காயில் கட்டி முடித்ததும் ஈரம் ஏறாமல் இருக்க அதன்மேல் வார்னிஷ் ஊற்றுவார்கள். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து அந்தப் பட்டறையிலேயே செய்துகொள்ளும் வார்னிஷ். அதிலிருந்து அரக்கைப் பிரித்துவிட்டு ஸ்பிரிட்டைக் குடிக்கப் பழகியிருந்தான். முதலில் மோட்டாருக்குப் போக மீந்தது அவனுக்கு. பிறகு அவனுக்குப் போக மீந்தது மோட்டாருக்கு. பிறகு பட்டறைக்காரர் அவனை வெளியே தள்ளினார். அதற்கப்புறம்தான் ஊர் அண்டாக்கள் காணாமல் போக ஆரம்பித்தன.

மாத்திரை வேலை செய்யும் விதம் எளிது. அது உடம்பில் இருக்கும்போது ஒருவன் குடித்தால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், செத்துவிடுவோம் என்று தோன்றும். பெங்களூரிலிருந்து வந்த டப்பாவில் மடித்து வைத்திருந்த தாளை இரண்டு முறை படித்து, முக்கியமானதை என் நோட்டில் எழுதிக்கொண்டேன். அதில் ஒரு வரியை நினைவில் வைத்திருக்க வேண்டும்: ஸ்பிரிட் கலந்த எதையும் தோலில் தடவக்கூடாது, அதன் ஆவியையும் நெடுநேரம் சுவாசிக்கக்கூடாது.

முதல் நாள் காலை ஏழு மணிக்கு அவன் வந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். விரல் நுனிகளில் அரக்கு ஏறிக் கறுத்திருந்தது. கைகள் ஆடின.

"வணக்கமுங்க மருந்தம்மா."

நான் விதிகளைச் சொன்னேன். ஏழு மணி என்றால் ஏழு மணி. மாத்திரையை முழுசாகத் தரமாட்டேன், கல்வத்தில் பொடித்துத் தண்ணீரில் கலக்கித் தருவேன். என் முன்னால் குடிக்க வேண்டும். டம்ளரைக் கழுவி அதையும் குடிக்க வேண்டும். வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். அரை மணி நேரம் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும்.

"நாக்கைத் தூக்கறதுமுங்களா? கோமாரி வந்த மாட்டுக்குத்தான் அப்படிப் பாப்பாங்க."

"மாடு திருடாது."

அவன் நாக்கைத் தூக்கிக் காட்டினான்.

அரை மணி நேரம் என்பதை எந்தத் தாளும் சொல்லவில்லை. அது என் சேர்க்கை. தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்துபோன அப்பாவுக்கு இடுப்பில் ஒத்தடம் கொடுத்து நர்ஸ் நடக்கப் பழக்கிக்கொண்டிருந்தார். அது பத்து மணிக்கு. நான் நர்ஸிடம் சொல்லி அதை ஏழு மணிக்கு மாற்றினேன். எதிர் பெஞ்சில் உட்கார்ந்தால் நேராகத் தெரிவது அந்த அறைதான். அப்பா இரண்டு பக்கமும் கழியை ஊன்றி, இடது காலை இழுத்து, ஐந்தடி நடந்து, வியர்த்து, திரும்பி ஐந்தடி வருவார். அதை அவன் தினமும் அரை மணி நேரம் பார்க்க வேண்டும். அதுதான் நான் அவனுக்குக் கொடுத்த உண்மையான மருந்து.

மூன்று நாள் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்குத் திருப்தியாக இருந்தது. நான்காம் நாள் அப்பா கெடுத்தார்.

"ஏம்பா," என்றார், கழியை ஊன்றி அவன் முன்னால் நின்று. "நீ கட்டுன காயில் நாலு வருசம் ஒரு சத்தம் இல்லாம ஓடிச்சு. அதைக் கழட்டறப்ப உனக்கே வருத்தமா இல்லியா?"

"அழுதுட்டேண்ணா."

"அப்புறம்?"

"அப்புறம் வித்துட்டேன்."

அப்பா சிரித்தார். இடுப்பு வலிக்க வலிக்கச் சிரித்தார். நான் மருந்தறைக்குள் போய் சீசாக்களின் மூடிகளைத் துடைத்தேன். எல்லா மூடிகளும் சுத்தமாகத்தான் இருந்தன.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன்.

"அவன்கிட்ட எதுக்குப் பேசறீங்க?"

"பின்ன, எதுத்தாப்புல உக்காத்தி வச்சா என்ன பண்றது? மொறச்சுக்கிட்டே இருக்கறதுக்கு எனக்கு மூஞ்சி வலிக்குது கண்ணு."

அப்பாவுக்குக் கோபத்தை வைத்துக்கொள்ளத் தெரியாது. மழை பெய்யாவிட்டால் ஒரு நாள் வானத்தைத் திட்டுவார், மறுநாள் வேறு வேலை பார்ப்பார். அதனால் அவருக்கும் சேர்த்து நானே வைத்துக்கொண்டேன்.

அவன் தவறவில்லை. எட்டு மைல் சைக்கிள் மிதித்து வந்தான். சைக்கிள் டயர் போன அன்று நடந்து வந்தான். அன்று ஏழடிக்க மூன்று நிமிடம் இருந்தது. நான் பேனாவின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வாசலில் அவன் தலை தெரிந்ததும் மூடிவிட்டேன். பதினைந்து நாளில் கை ஆடுவது நின்றது. ஒரு மாதத்தில் கன்னத்தில் சதை பிடித்தது. அவன் பெண்டாட்டி ஒரு நாள் கூட வந்தாள். ஜல்லி உடைக்கிற வேலை, கை முழுக்கக் காய்ப்பு. அவன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னாள்:

"உங்களுக்கு ஆத்திரம் இருக்கும்னு தெரியுமுங்க. எனக்கு அதுக்கு மேல இருக்குது. தாலியை வித்தப்பவே கொடுவாளை எடுத்தவ நான். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், மாத்திரையை மட்டும் கொறைச்சுக் குடுத்துடாதீங்க."

நான் குறைக்கவில்லை. ஒரு மில்லிகிராம்கூட.

கண்காணிப்பு அதிகாரி தர்மபுரியிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒரு முறை பஸ்ஸில் வருவார். ஒல்லியான மனிதர், வெயிலோ மழையோ குடை கையில் இருக்கும். பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொரு கையெழுத்துக்கும் தலையாட்டுவார். அவர் கண்காணித்தவர்களில் தொடர்ந்து ஒரு மாதம் தாக்குப்பிடித்தவர்கள் அதிகம் இல்லை என்று நினைக்கிறேன். ஐந்தாம் வாரம் அவர் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"நல்ல சேதிம்மா. பழைய பட்டறைக்காரர்கிட்ட கெஞ்சிக் கூத்தாடிட்டேன். திரும்ப எடுத்துக்கறேன்னுட்டார். சும்மா இருக்கற கைதான் குடிக்கும். தெரிஞ்ச தொழில்லயே போட்டாச்சு, இனி என்ன?"

சிஸ்டருக்கும் சந்தோஷம். பட்டறைக்காரர் வார்னிஷ் டின்னைப் பூட்டி வைப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். எல்லோரும் அவன் குடித்துவிடுவானோ என்று அந்த டின்னைப் பற்றியே பேசினார்கள். அவன் குடிக்காவிட்டாலும் அந்த வேலை அவனை என்ன செய்யும் என்று யாருக்கும் தோன்றவில்லை. காயில் கட்டுகிறவன் வார்னிஷை ஊற்றி, கையாலேயே இண்டு இடுக்கெல்லாம் பூசுவான், மூடிய அறையில் நாள் முழுக்க அந்த ஆவியில் உட்கார்ந்திருப்பான்.

எனக்குத் தோன்றியது. என் நோட்டில் அந்த வரி இருந்தது. அதிகாரி பேசிக்கொண்டிருந்தபோதே நோட்டின் எந்தப் பக்கம் என்றுகூட நினைவுக்கு வந்தது.

நான் சொல்லவில்லை.

வேலைக்குப் போன நான்காம் நாள், மாலை நான்கு மணிக்குப் பட்டறைக்காரர் அவனை வாடகை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். முகம் செங்கல் நிறம். வண்டியிலேயே வாந்தி எடுத்திருந்தான். மேலெல்லாம் ஸ்பிரிட் வாடை.

"இந்த நாயை நம்பினேன் பாருங்க!" என்று பட்டறைக்காரர் கத்தினார். "டின்னைப் பூட்டி சாவியை இடுப்புல முடிஞ்சிருந்தேன். ஊத்தறதுக்குக் கிண்ணத்துல குடுத்ததையே குடிச்சிட்டானுங்க!"

சிஸ்டர் தியானத்துக்காகப் போயிருந்தார், வர மூன்று நாள் ஆகும். நர்ஸும் நானும் அவனைப் படுக்க வைத்தோம். செய்ய வேண்டியதை எல்லாம் வரிசைப்படி செய்தேன். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை நாடி பார்த்து எழுதினேன். அவன் சாவதை நான் விரும்பவில்லை. செத்தவனைச் சிறையில் போட முடியாது.

"நான் குடிக்கலீங்க மருந்தம்மா," என்றான். பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. "எங்க ஆத்தா மேல சத்தியமா குடிக்கலீங்க."

"பேசாதீங்க."

அவன் குடிக்கவில்லை என்பது எனக்குப் பத்தே நிமிடத்தில் தெரிந்துவிட்டது. சட்டைக் கையை மேலே தள்ளியபோது பார்த்தேன். இரண்டு கைகளும் விரலிலிருந்து முழங்கைக்குக் கொஞ்சம் கீழே வரை நெருப்பில் காட்டியது போல் சிவந்திருந்தன. அங்கே கோடு கிழித்தது போல் சிவப்பு நின்றது. வார்னிஷ் தொட்ட இடம் வரைக்கும். குடித்திருந்தால் கையில் கோடு விழாது. ஒரு மணி நேரத்தில் முகச் சிவப்பும் இறங்கிவிட்டது. குடித்திருந்தால் அவ்வளவு சீக்கிரம் இறங்காது.

அதிகாரிக்குத் தந்தி போயிற்று. நான் அறிக்கை எழுதினேன். ஒன்று, முகம் சிவப்பு. இரண்டு, வாந்தி மூன்று முறை. மூன்று, நாடி நூற்று இருபது. நான்கு, ஆடையிலும் உடம்பிலும் ஸ்பிரிட் வாடை. நான்கும் உண்மை. ஐந்தாவதாகக் கைகளைப் பற்றி எழுதவில்லை. கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து அன்று மிக அழகாக இருந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் அதிகாரி வந்தார். அறிக்கையை இரண்டு முறை படித்தார். குடையை மடியில் வைத்துக்கொண்டு பதிவேட்டின் கையெழுத்துகளை எண்ணினார்.

"நாற்பத்தோரு நாள்," என்றார். "நாற்பத்தோரு நாளும்மா. இன்னிக்கே கோர்ட்டுக்கு எழுதிடணும். நாளைக்கே புடிச்சுடுவாங்க."

அவர் பஸ் நிறுத்தத்துக்குப் போனார். பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. மருந்தறையில் உட்கார்ந்து அந்தச் சந்தோஷம் வருவதற்காகக் காத்திருந்தேன்.

வெளியே அப்பா, கட்டிலில் படுத்திருந்தவனோடு பேசிக்கொண்டிருந்தார்.

"இனிமே எங்கூட்டு மோட்டாரு?"

"சேலத்துல ஒரு ஆளு இருக்கான்ணா. நல்லாக் கட்டுவான்."

"நீ எப்ப வெளிய வருவே?"

"ஆறு மாசமோ ஒரு வருசமோ. அங்க ஒண்ணும் கொறை இல்லண்ணா. நேரத்துக்குக் களி போடறான். மோட்டாரு இல்ல, மாத்திரை இல்ல, யாரு மொகத்தையும் பாக்க வேண்டியதில்ல. தூங்கலாம்."

அந்தக் கடைசி வார்த்தை என்னை எழுப்பிவிட்டது.

தூங்குவான். என் அப்பா ஐந்தடி நடக்க வியர்த்துக்கொண்டிருக்கும்போது அவன் யார் முகத்தையும் பார்க்காமல் தூங்குவான். பிறகு வெளியே வந்து முதல் நாளே குடிப்பான். இரண்டாம் நாள் ஏதோ ஒரு மோட்டார் ரூமைத் திறப்பான், அது எங்களுடையதாகவே இருக்கும், ஏனென்றால் அதன் ஒவ்வொரு திருகும் அவனுக்குத் தெரியும். நான் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டேன். இடது பக்கம் 'சிறை', வலது பக்கம் 'ஏழு மணி'. சிறையின் கீழ்: தூக்கம், களி, யாரும் கேட்பதில்லை, திரும்ப வருவான். ஏழு மணியின் கீழ்: தினமும் எட்டு மைல், தினமும் நாக்கு, தினமும் அப்பாவின் கால், தினமும் நான். இன்னும் முந்நூற்றுச் சொச்சம் நாள்.

அவனைச் சிறைக்கு அனுப்பினால் நான் அவனை விடுதலை செய்கிறேன். இவ்வளவு எளிய கணக்கு எனக்கு நாற்பத்தோரு நாள் தெரியவில்லை.

பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன். ஓடியது எனக்கே பிடிக்கவில்லை.

"ஐயா, அறிக்கையில ஒரு வரி விட்டுப்போச்சு." அவர் முன்னாலேயே ஐந்தாவதை எழுதினேன். கைகள், கோடு, அதன் பொருள். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப அவன் குடிக்கலியா?"

"இல்லை. வார்னிஷ் வேலை செஞ்சதால வந்தது."

"ஏம்மா, இது இப்பத்தான் தெரிஞ்சுதா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் பாதி எழுதிய அறிக்கை என்ன செய்யும் என்று பார்த்துவிட்டேன்.

"நேத்தே தெரியும். அவனை அந்த வேலைக்கு அனுப்பறதுக்கு முன்னாலயும் தெரியும்."

பஸ் வந்தது. அவர் ஏறவில்லை.  "கழி ஊனி நடக்கறாரே, உங்க அப்பாதானே அவரு," என்றார். நான் ஆம் என்றேன். அவர் பழைய அறிக்கையைக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஐந்து வரி உள்ள புதிய அறிக்கையை எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

சிஸ்டர் திரும்பி வந்ததும் நானே போய்ச் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒரு கேள்வி மட்டும் கேட்டார்.

"அந்த ஆளுக்கு இதயம் பலவீனமா இருந்திருந்தா?"

 அந்தக் கேள்வி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

"சரி," என்றார். "அவன் கட்டட்டும். வார்னிஷை இனிமே வேற ஆள்தான் பூசணும். முதல் மோட்டாருக்கு நீ பூசு. உங்க வீட்டு மோட்டாரையே கொண்டு வரச் சொல்லு."

இது தண்டனையா இல்லையா என்று நான் கேட்கவில்லை. மோட்டார் கூடு மாட்டு வண்டியில் வந்தது. செம்புக் கம்பியை அப்பா வாங்கினார். மீட்கப்பட்ட பழைய காயில் கோர்ட்டிலேயே சாட்சியாகக் கிடந்தது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் புங்கமரத்தடியில் ஒரு வாரம் அவன் உட்கார்ந்து கட்டினான். கம்பியை எண்ணி எண்ணிச் சுற்றி, இரும்புக் கூட்டின் காடிப் பள்ளங்களில் இறக்கி, மூங்கில் சீவலால் அழுத்தி வைத்தான். வாயால் எண்ணமாட்டான், உதடு மட்டும் அசையும். எண்ணும்போது யாராவது கூப்பிட்டால் ஏறிட்டும் பார்க்கமாட்டான். அவன் வேலை செய்வதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. அதை ஒப்புக்கொள்வதில் எனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. நல்ல வேலைக்காரன் என்பதால் ஒருவன் திருடாதவன் ஆகிவிடமாட்டான்.

முனையைக் கட்டும் நேரம் வந்ததும் நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"அதே முடிச்சைப் போடுங்க."

"ஏனுங்க?"

"மறுபடி எடுத்தா அடையாளம் வேணும்."

அவன் சிரிக்கவில்லை. "எனக்கு வேற முடிச்சு தெரியாதுங்க," என்று சொல்லிவிட்டுப் போட்டான்.

பிறகு காற்று வரும் பக்கமாகப் பார்த்து முப்பதடி தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டான். நான் மூக்கில் துணி கட்டி, பிரஷ்ஷை எடுத்தேன்.

"மருந்தம்மா, பொட்டு வைக்கற மாதிரி வைக்காதீங்க. அது மோட்டாருங்க, கல்யாணப் பொண்ணு இல்ல. தாராளமா ஊத்துங்க."

"தெரியும்."

"தெரிஞ்சா ஏனுங்க வலது பக்கம் மூணு காடி காஞ்சு கெடக்குது?"

நர்ஸ் ஜன்னலில் சிரிப்பது கேட்டது. அப்பா கழியில் சாய்ந்து நின்று, "அப்படிக் கேளப்பா," என்றார். "எங்கூட்டுல இவளைக் கேள்வி கேக்கற ஆளே இல்ல."

"காத்து மாறுது, இன்னும் தள்ளிப் போங்க," என்று அவனை மேலும் பத்தடி துரத்தினேன். மூன்று காடிக்கும் ஊற்றினேன். கை விரலெல்லாம் அரக்கு. ஒரு வாரம் போகவில்லை. மருந்து அளக்கும்போதெல்லாம் அவன் விரல்களைப் போலவே என் விரல்களும் இருந்தன.

மோட்டார் காய்ந்துகொண்டிருந்த அன்று அவன் கேட்டான்.

"இன்னும் கோவம் போகலீங்களா?"

"போகலை."

"எப்பப் போவும்?"

"எங்கப்பா கழி இல்லாம நடக்கற அன்னிக்கு."

அவன் அப்பாவின் காலைப் பார்த்தான். அது நடக்காது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். சிஸ்டர் சொல்லிவிட்டார். "அப்ப சரிங்க," என்றான்.

ஓராண்டு முடிந்தது. கோர்ட்டுக் கட்டளை தீர்ந்த மறுநாள் காலை அவன் வரவேண்டியதில்லை. அவன் பெயர் வராத புதிய பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். ஏழு மணிக்கு வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டது.

"என்ன வேணும்?"

"மாத்திரைங்க."

"கோர்ட்டு முடிஞ்சுதே."

"கோர்ட்டுதானுங்க முடிஞ்சுது," என்றான்.

நான் கல்வத்தை எடுத்தேன். எனக்கு அன்று எரிச்சல்தான் வந்தது. தண்டனையை அவனே கேட்டு வாங்கினால் அதில் எனக்கு என்ன மிச்சம்?

சில வருடம் கழித்து மதுவிலக்கை எடுத்தார்கள். அவன் வேலை பார்த்த பட்டறைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில், சாலையோரமாகவே சாராயக் கடை வந்தது. அந்த மாதம் இரண்டு நாள் அவன் வரவில்லை. மூன்றாம் நாள் அவன் பெண்டாட்டி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள், அவன் பின்னால் வந்தான்.  அவன் நாக்கைத் தூக்கிக் காட்டும்போது அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். கடைகளைப் பிறகு மூடிவிட்டார்கள்.

இப்போதைய நிலை:

எங்கள் மோட்டார் ஓடுகிறது. காயிலில் அவன் முடிச்சு இருக்கிறது. அந்த ஆஸ்பத்திரிக்கு அதற்குப் பின் இதே மாத்திரைக்காக ஒன்பது பேரை அனுப்பினார்கள். நான்கு பேர் நின்றார்கள், ஐந்து பேர் நிற்கவில்லை. நின்ற நான்கு பேர்மேல் திருட்டுக் கேஸ் எதுவும் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. யாரையும் வேலைக்கு அனுப்புவதற்கு முன் அந்த வேலையில் ஸ்பிரிட் இருக்கிறதா என்று கேட்டு எழுதும் பட்டியல் மருந்தறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. அது என் கையெழுத்து.

அவன் கட்டும் காயிலுக்கு வார்னிஷ் ஊற்றுவது அவன் பெண்டாட்டி. அப்பாவின் இடது கால் இரண்டு விரற்கடை குட்டை, கழியோடு நடக்கிறார். அவனும் அப்பாவும் பெஞ்சில் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசுகிறார்கள். நான் அவனை மன்னிக்கவில்லை.

இன்று காலையும் ஏழு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது வந்தான். பொடித்துக் கொடுத்தேன். குடித்தான். டம்ளரைக் கழுவிக் குடித்தான். நாக்கைத் தூக்கினான். நான் பார்த்தேன்.